புலம்பெயர் தொழிலாளர் பிள்ளைகளின் வீட்டுவேலைப் பகிர்வு

புலம்பெயர் தொழிலாளர் பிள்ளைகளின் வீட்டுவேலைப் பகிர்வு என்பது, பிழைப்புத் தேடி வேற்றிடம் செல்லும் குடும்பங்களில் சமையல், நீர் கொணர்தல், குழந்தை பேணல் முதலிய பொறுப்புகளைப் பிள்ளைகள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் முறையைக் குறிக்கும். தமிழ்நாட்டில் திருவள்ளூர் மாவட்டச் செங்கற்சூளைகள் இதற்கு முக்கிய எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குத் தனி ஆண்களாக வருவோர் பலர். சூளைகளுக்கோ குடும்பமே வருகிறது. மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா முதலிய மாவட்டங்களைச் சேர்ந்தோர் அறுவடைக்குப் பின் முன்பணம் பெற்று வந்து, சூன் மாத வாக்கில் மழைக்கு முன் ஊர் திரும்புகின்றனர். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. ஆண், பெண், பிள்ளை சேர்ந்து கல் அறுக்கும் குழு ஒடிசாவில் 'பத்துரியா' எனப்படும்.

பகிர்வு முறை

தாயும் கல் அறுப்பதால், அவர் குடிசையில் செலவிடும் நேரம் கூலி இழப்பாகிறது. பாட்டி போன்ற மூத்த உறவினர் ஊரிலேயே தங்கிவிடுவதும் உண்டு. எனவே கைக்குழந்தையைப் பார்க்கும் பொறுப்பு மூத்த பிள்ளையை, பெரும்பாலும் பெண் பிள்ளையைச் சேருகிறது. ஆண் பிள்ளைகள் கல்லைப் புரட்டிக் காயவைத்தல் போன்ற வேலைகளில் உதவுகின்றனர். இப்பாகுபாடு சூளைக்கு மட்டும் உரியதன்று. 6 வயதுக்கு மேற்பட்டோரிடம் 2019இல் எடுக்கப்பட்ட இந்தியக் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் அதில் செலவிட்டனர்.

சட்ட நிலை

2010 ஏப்பிரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியது. 6 வயது நிறையாதோரின் பராமரிப்புக்கு அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்று மட்டுமே அதன் 11ஆம் பிரிவு கூறுகிறது. அதாவது அக்காவுக்குப் பள்ளி உரிமையாகும். அவள் இடுப்பில் உள்ள தம்பிக்குக் காப்பகம் உரிமையன்று. குழந்தைத் தொழிலாளர் கணக்கெடுப்புகளிலும் வீட்டுவேலை பெரும்பாலும் விடுபடுகிறது. எனினும் வாரத்துக்கு 21 மணி நேரம் அல்லது அதற்கு மேல் வீட்டுவேலை செய்யும் 5 முதல் 14 வயதினரையும் சேர்த்துக்கொள்ளும் அளவீடு பன்னாட்டளவில் உண்டு.

மாற்று ஏற்பாடுகள்

திருவள்ளூர்ச் சூளைப் பகுதிகளில் ஒடிய மொழிவழிக் கற்பித்தல் மேற்கொள்ளப்பட்டது; பாடநூல்கள் ஒடிசாவிலிருந்து தருவிக்கப்பட்டன. இது மொழித்தடையை நீக்கும். தம்பி தங்கையரைப் பார்க்கும் பொறுப்பை நீக்காது. 1969இல் தில்லியில் மீரா மகாதேவன் கட்டுமானத் தொழிலாளர் குழந்தைகளுக்காகத் தொடங்கிய 'மொபைல் கிரச்சஸ்' அமைப்பு, பணியிடத்திலேயே காப்பகம் நடத்தும் முறைக்கு முன்னோடியாகும். கைக்குழந்தைக்குக் காப்பகம் கிடைக்கும்போதே மூத்த பிள்ளைக்குப் பள்ளி செல்லும் வாய்ப்பு உண்மையில் கிட்டுகிறது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.