தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களும் தன்பாலீர்ப்பும்

தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்கள் குடும்பத்துக்குள் நடக்கும் ஏறத்தாழ எல்லாவற்றையும் கதையாக்கியுள்ளன. வரதட்சணை, மாமியார் கொடுமை, இரண்டாம் திருமணம், குழந்தையின்மை, சொத்துத் தகராறு, மறைக்கப்பட்ட பிறப்பு, மணவிலக்கு என அந்தப் பட்டியல் நீளும். ஆனால் ஆணை விரும்பும் ஆணும் பெண்ணை விரும்பும் பெண்ணும் அந்தக் குடும்பங்களில் பெரும்பாலும் பிறப்பதில்லை. சித்தி, மெட்டி ஒலி, கோலங்கள், தென்றல், எதிர்நீச்சல் போன்ற பெருந்தொடர்கள் எதிலும் தன்பாலீர்ப்புக் காதல் மையக் கதையாக இல்லை. பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களில் மாலை நேரத்தின் முதன்மைப் பொழுதுபோக்கு தொடர்கள்தான் என்பதால், இந்த இன்மையின் விளைவு திரையோடு முடிவதில்லை.

சொற்கள்

தன் பாலினத்தவர்மீது ஏற்படும் காதலும் ஈர்ப்பும் தன்பாலீர்ப்பு எனப்படும். தன் பிறப்புப் பாலினத்திலிருந்து வேறான பாலினமாகத் தன்னை உணர்வது இதனின்று வேறுபட்டது. அவ்வாறு உணர்வோரைத் திருநர் என்கிறோம். திருநங்கை, திருநம்பி ஆகியோர் அதில் அடங்குவர். முதலாவது யாரை விரும்புகிறோம் என்பதைப் பற்றியது. இரண்டாவது தான் யார் என்பதைப் பற்றியது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது தமிழ்நாட்டில் படித்தவர்களிடையேயும் உண்டு. ஆணை விரும்பும் ஆணைத் திரையில் காட்ட வேண்டுமென்றால் அவனுக்கு நெளிந்த நடையும் இழுத்த பேச்சும் கொடுத்துவிடும் வழக்கம் இந்தக் குழப்பத்திலிருந்து வந்தது. பிறகு அந்த வழக்கமே குழப்பத்தை வளர்த்தது.

நெடுங்காலம் செய்தித்தாள்கள் பயன்படுத்திய 'ஓரினச்சேர்க்கை' என்ற சொல் உறவை வெறும் உடற்செயலாகச் சுருக்குகிறது. ஒரு தாய் தன் மகனைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல்லை எப்படி வாயில் எடுப்பாள்? நங்கை, நம்பி, ஈரர் போன்ற சொற்களைத் தமிழ் ஆர்வலர்கள் முன்வைத்தனர். சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுறுத்தலுக்குப் பின் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. சொல் கிடைத்துவிட்டது, அதைச் சொல்லும் கதாபாத்திரம்தான் இன்னும் தொடருக்குள் வரவில்லை.

தொடர் என்னும் பாடம்

இந்தியாவுக்குத் தொலைக்காட்சித் தொடர் வெறும் பொழுதுபோக்காக வரவில்லை. மெக்சிகோவில் 1975-76 ஆண்டுகளில் ஒளிபரப்பான 'வென் கொன்மிகோ' என்ற தொடர், முதியோர் எழுத்தறிவைக் கதைக்குள் வைத்துச் சொன்னது. அந்த முறையைப் பின்பற்றி, குடும்ப நலத்தையும் பெண்களின் நிலையையும் கதைவழியே கற்பிக்கும் நோக்கில் தூர்தர்ஷன் 1984 ஜூலை 7 அன்று 'ஹம் லோக்' இந்தித் தொடரைத் தொடங்கியது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி, கதையில் எழுந்த சிக்கலைப் பற்றிப் பார்வையாளரிடம் பேசுவார். வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் கேள்வி கேட்பதைப் போன்ற ஏற்பாடு அது. பார்வையாளர்கள் லட்சக்கணக்கில் கடிதம் எழுதினார்கள்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி வந்தபின் தனியார் தொடர்களின் காலம் பிறந்தது. 1999இல் ராதிகா நடித்த சித்தியும், அடுத்து திருமுருகன் இயக்கிய மெட்டி ஒலியும், தேவயானி நடித்த கோலங்களும் தமிழ்நாட்டின் இரவு நேரத்தையே மாற்றியமைத்தன. ஐந்து பெண்களைக் கரையேற்றப் பாடுபடும் தந்தை, குடும்பத்துக்காகத் தொழில் நடத்தும் பெண் ஆகியோரைப் பார்த்து மக்கள் தம் வீட்டைப் பற்றிப் பேசினார்கள். தொடர்களை மூக்கைச் சிந்தும் கதைகள் என்று ஒதுக்குவோர் மறப்பது ஒன்றுண்டு: பெண் வேலைக்குப் போவது, கணவனைப் பிரிந்து வாழ்வது போன்றவற்றை வீட்டுக் கூடத்தில் வாய்விட்டுப் பேசக்கூடிய பொருளாக்கியதில் தொடர்களுக்குப் பங்கு உண்டு.

பெரம்பலூரும் அரியலூரும்

பெரம்பலூர் மாவட்டம் 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிக்கப்பட்டது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, மறு ஆண்டே பெரம்பலூரோடு இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மீண்டும் தனியானது. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் விளையும் பெரம்பலூரும், முந்திரியும் சிமெண்டுமான அரியலூரும் பெரும்பாலும் ஊரகப் பகுதிகள். 2011 கணக்கெடுப்பின்படி அரியலூரில் நகரவாசிகள் ஏறத்தாழ 11 விழுக்காடு, பெரம்பலூரில் 17 விழுக்காடு.

இத்தகைய ஊர்களுக்குத் தொடர் சென்று சேர்ந்ததில் அரசுக்கும் பங்கு உண்டு. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் மாநிலம் முழுவதும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. 2011இல் அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுத்தது. அதுவரை அடுத்த வீட்டுத் திண்ணையிலும் ஊராட்சிப் பெட்டியிலும் பார்த்தவர்கள் சொந்தக் கூடத்தில் பார்க்கத் தொடங்கினார்கள். காட்டு வேலை முடித்து வந்து, உலை வைத்துவிட்டு, தொடரின் முன் உட்காரும் பெண்களுக்கு வெளியுலகத்தின் குடும்பங்கள் அதன்வழியே அறிமுகமாயின.

தன்பாலீர்ப்பாளருக்குத் துணைநிற்கும் அமைப்புகள் பெரும்பாலும் பெருநகரங்களில்தான் உள்ளன. 1998இல் தொடங்கிய சகோதரன் அமைப்பு சென்னையைச் சேர்ந்தது; 2009 முதல் நடைபெறும் வானவில் பேரணியும் சென்னையில்தான். வேப்பந்தட்டையிலோ செந்துறையிலோ வளரும் ஒரு பிள்ளைக்கு, தன்னைப் போல் இன்னொருவர் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் பாடநூல், திரைப்படம், தொலைக்காட்சி ஆகியவையே எட்டும் தூரத்தில் இருந்தன. பாடநூல் பேசவில்லை. தொடரும் பேசவில்லை.

கேலியும் இரக்கமும்

மாறுபட்ட பாலினத்தவர் தொலைக்காட்சியில் தோன்றவே இல்லை என்று சொல்ல முடியாது. நகைச்சுவை நிகழ்ச்சிகளில் ஆண்கள் சேலை கட்டி வந்து சிரிக்க வைப்பது அன்றாடக் காட்சி. கூத்தில் ஆண் பெண்வேடம் கட்டுவது நம் ஊர்களுக்குப் புதிதன்று. ஆனால் அங்கே திரௌபதி வேடம் கட்டியவரைப் பார்த்து ஊர் கைகூப்பும். தொலைக்காட்சியில் அதே சேலை அடிவாங்குவதற்கான உடையாகிவிட்டது. இரண்டு ஆண்கள் தற்செயலாக நெருங்கி நிற்பதை மூன்றாமவர் பார்த்துத் திடுக்கிடும் நகைச்சுவையும் சலிக்கச் சலிக்க வந்துவிட்டது.

திருநங்கையர் நிலை சற்று வேறு. 2008இல் விஜய் தொலைக்காட்சியில் ரோஸ் வெங்கடேசன் தொகுத்து வழங்கிய 'இப்படிக்கு ரோஸ்' நிகழ்ச்சி, ஒரு திருநங்கையை நெறியாளராக வீட்டுக்குள் கொண்டுவந்தது. தமிழ்நாடு அரசு திருநங்கையர் நல வாரியம் அமைத்ததும் அதே ஆண்டுதான். 2014 ஆகஸ்ட் 15 அன்று கோவையின் லோட்டஸ் தொலைக்காட்சியில் பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார். 2022 பிக் பாஸ் போட்டியில் ஷிவின் கணேசன் இறுதிச் சுற்றுவரை சென்றார். பெரம்பலூர் வழியே சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் உளுந்தூர்பேட்டையை அடுத்த கூவாகத்தில் சித்திரை மாதம் நடக்கும் விழாவால் இப்பகுதி மக்களுக்குத் திருநங்கையர் முன்பே அறிமுகமானவர்கள். மரபில் ஓர் இடம் இருந்ததால், தொலைக்காட்சியும் அவர்களுக்கு ஓர் இடம் தர முடிந்தது. இரு ஆண்களின் அல்லது இரு பெண்களின் காதலுக்கு அப்படியொரு விழா இல்லை.

இந்தித் தொலைக்காட்சியிலும் தொடக்கம் கேலிதான். சோனியில் 2003 முதல் 2006 வரை ஓடிய 'ஜஸ்ஸி ஜெய்ஸி கோயி நஹின்' தொடரின் மேடி, ஆடை வடிவமைப்பு நிறுவனத்தில் உலவும் சிரிப்புப் பாத்திரம். 2010இல் ஸ்டார் பிளஸ் தொடங்கிய 'மர்யாதா' தொடரில்தான் நிலைமை மாறியது. அதிகாரமுள்ள ஹரியானாக் குடும்பம் ஒன்றின் மகன் கௌரவ், கரண் என்ற ஆணைக் காதலிக்கிறான். ஆனால் வித்யா என்ற பெண்ணுக்குக் கணவனாகவும் இருக்கிறான். அந்தக் கதை கௌரவின் வேதனையோடு நிற்காமல், உண்மை தெரியாமல் அவனுக்கு மணமுடிக்கப்பட்ட பெண்ணுக்கு இழைக்கப்பட்ட அநீதியையும் பேசியது.

சட்டம் தடுத்ததா?

தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவைத் தில்லி உயர் நீதிமன்றம் 2009 ஜூலை 2 அன்று தளர்த்தியது. உச்ச நீதிமன்றம் 2013 டிசம்பரில் அத்தீர்ப்பை மாற்றியது. 2018 செப்டம்பர் 6 அன்று தன் நிலைப்பாட்டைத் தானே திருத்தி, வயதுவந்தோர் விருப்பத்துடன் கொள்ளும் உறவு குற்றமல்ல என்றது. மர்யாதா 2009க்கும் 2013க்கும் இடைப்பட்ட காலத்தில் வந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் சட்டத்தை மட்டும் காரணமாகச் சொல்வது சரியன்று. ஆஸ்திரேலியாவில் 1972இல் தொடங்கிய 'நம்பர் 96' தொடர், சிட்னியில் வாழும் டான் ஃபின்லேசன் என்ற தன்பாலீர்ப்பு வழக்கறிஞரை மதிப்புக்குரிய மனிதராகக் காட்டியது. சிட்னி அமைந்துள்ள மாநிலத்தில் அந்த உறவு 1984 வரை குற்றமாகவே இருந்தது.

தொடர்களுக்குத் திரைப்படம்போல முன்தணிக்கையும் கிடையாது. கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்தின் நிகழ்ச்சி விதிகள் நல்ல ரசனை, கண்ணியம் பற்றிப் பொதுவாகச் சொல்கின்றனவே தவிர, காதல் யாருக்கிடையே இருக்கலாம் என்று கூறவில்லை. உண்மையான தணிக்கை வாராந்திரப் பார்வையாளர் கணக்கிலும் விளம்பரதாரர் கையிலும் இருக்கிறது. வாரத்தில் ஐந்தாறு நாள் ஓடும் தொடரின் கதை, அந்தக் கணக்கைப் பார்த்தபடியே வளைக்கப்படுகிறது. கதைக்குப் பஞ்சம் என்றும் கூற இயலாது. மறைத்த இரகசியம், கட்டாயக் கல்யாணம், ஏமாந்த மணப்பெண், உண்மையறிந்து உருகும் தாய் என, தொடர் எழுத்தாளர் தேடும் அனைத்தும் இந்தப் பொருளில் உள்ளன. தடங்கல் முடிவில்தான். தமிழ்த் தொடர் எத்தனை சிக்கலைக் காட்டினாலும் கடைசியில் ஒரு கல்யாணத்தையோ சேர்ந்த தம்பதியையோ காட்டி முடிக்கும். இந்தக் கதையை அப்படி முடிக்க முடியாது.

பிரேசிலிலும் இதே தயக்கம் இருந்தது. 2005இல் 'அமெரிக்கா' என்ற தொடரின் இறுதிப் பகுதிக்காகப் படமாக்கப்பட்ட இரு ஆண்களின் முத்தக் காட்சியை குளோபோ தொலைக்காட்சி ஒளிபரப்பவில்லை. 2014 ஜனவரி 31 அன்று 'அமோர் அ விடா' தொடரின் நிறைவுப் பகுதியில் அதே நிறுவனம் அத்தகைய காட்சியை ஒளிபரப்பியது. பிரேசிலும் குடும்பம், சமயம், நெடுந்தொடர் மூன்றிலும் ஊறிய நாடுதான்.

எழுதப்படாத தொடர்

2021இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு, தொடர்கள் எழுதாமல் விட்ட கதை எது என்பதைக் காட்டுகிறது. ஒருவரையொருவர் விரும்பிய மதுரைப் பெண்கள் இருவர், வீட்டாரின் எதிர்ப்பால் சென்னைக்கு வந்தனர். பெற்றோர் காணவில்லை என்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்தனர். விசாரணைக்கு அஞ்சிய பெண்கள் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்தை நாடினர். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பெண்களையும் பெற்றோரையும் தனித்தனியே ஆலோசகரிடம் அனுப்பினார். பெற்றோரின் கவலைகள் சமூகம் என்ன சொல்லும், வம்சம் என்னாகும் என்பனவாக இருந்தன. மகள் இன்னொரு பெண்ணோடு வாழ்வதைவிடத் திருமணமே இல்லாமல் தனித்து வாழ்வது கண்ணியமானது என்றுகூட அவர்கள் கருதினார்கள்.

அடுத்து நடந்தது எந்தத் தொடரிலும் வராத திருப்பம். இப்பொருளில் தமக்கே போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகக் கூறிய நீதிபதி, தாமும் உளவியல் ஆலோசகரிடம் அமர்ந்து பாடம் கேட்டார். 2021 ஜூன் 7 அன்று அவர் பிறப்பித்த உத்தரவு, இத்தகைய இணையரைக் காவல்துறை துன்புறுத்துவதற்கும், ஈர்ப்பை 'மாற்றும்' சிகிச்சை என்ற பெயரில் நடப்பவற்றுக்கும் எதிராக வழிகாட்டுதல்களைத் தந்தது. மேலே கூறிய அரசிதழ்ச் சொற்பட்டியலும் இந்த வழக்கின் தொடர்ச்சிதான்.

அந்தப் பெற்றோரை வில்லன்கள் என்று சொல்லிவிட முடியாது. பெண்ணை வளர்த்து, ஊர் வாய்க்கு அஞ்சி வாழும் எந்த வீட்டிலும் எழக்கூடிய கேள்விகளையே அவர்கள் கேட்டார்கள். இதற்கு முன் யாரேனும் அந்தக் கேள்வியைக் கேட்டு, யாரேனும் பதில் சொன்னதை அவர்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. மருமகள் வேலைக்குப் போகலாமா என்ற கேள்விக்கு அவர்கள் நூறு தொடர்களில் நூறு பதில்களைப் பார்த்திருப்பார்கள்.

கூடமும் கைப்பேசியும்

திரைப்படத்திலும் பாதை நேராக இல்லை. 2006இல் வந்த 'வேட்டையாடு விளையாடு' கொலைகாரர்கள் இருவரிடையே அத்தகைய உறவு இருப்பதுபோல் உணர்த்தியது. 2010இல் வந்த 'கோவா' ஓர் ஆண் இணையரை நகைச்சுவைக்குள் வைத்தாலும் காதலர்களாகவே காட்டியது. லோகேஷ் குமாரின் 'என் மகன் மகிழ்வன்' 2017 முதல் திரைப்பட விழாக்களில் திரையிடப்பட்டது. 2023 நவம்பரில் ஜியோ பேபி இயக்கி மம்முட்டியும் ஜோதிகாவும் நடித்த மலையாளப் படம் 'காதல்: தி கோர்', உள்ளாட்சி இடைத்தேர்தலில் நிற்கும் நடுத்தர வயதுக் கணவன், மணவிலக்குக் கேட்கும் மனைவி, அதிகம் பேசாத முதிய தந்தை என முழுக்க முழுக்கக் குடும்பக் கதையாகவே எழுதப்பட்டது. 2025 பிப்ரவரியில் ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் 'காதல் என்பது பொதுவுடைமை', தன் காதல் ஒரு பெண்ணோடு என்று மகள் சொல்லும் நாளில் தாய் படும் பாட்டைக் கதையாக்கியது.

இவற்றைப் பெரம்பலூரிலும் அரியலூரிலும் பார்க்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் இணையவழித் தளங்களில், கைப்பேசியில், காதில் காதொலிப்பானைச் செருகிக்கொண்டு, தனியாக. தொடரைப் பார்ப்பது அப்படியன்று. பாட்டி, தாய், மகள், சில வேளை பக்கத்து வீட்டுக்காரர் என எல்லோரும் சேர்ந்து பார்த்து, விளம்பர இடைவேளையில் வாதாடுவார்கள். ஆகவே ஒரே வீட்டில் இரண்டு திரைகள் உள்ளன. கல்லூரிக்குப் போகும் மகன் இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியில் பார்த்த மம்முட்டியின் கதாபாத்திரத்தை, எட்டு மணிக்குக் கூடத்தில் தொடர் பார்த்த அவன் தாய் அறியாள். அவனுக்கு வரன் பார்க்கும் பேச்சு அந்தக் கூடத்தில்தான் நடக்கும்.