பதினாறு கிட்டங்கி

தூத்துக்குடியில் என் சிநேகிதர் ஒருவருக்கு உப்பு வியாபாரம். 1993-ஆம் வருஷம் அவருடைய காரியாலயத்துக்குப் போயிருந்தபோது மனிதர் கொதித்துக் கொண்டிருந்தார். கம்ப்யூட்டருக்கு ஞாபக சக்தி போதவில்லை என்று கூடுதலாக 4 மெகாபைட் வாங்கிப் போட்டிருந்தார். அப்படியும் கணக்குப் புரோகிராமைத் திறந்தால், 'ஞாபகம் போதாது' என்று திரை பழைய பல்லவியையே பாடியது. வாங்கி வந்த குமாஸ்தாப் பையன் பணத்தைச் சுருட்டிவிட்டான் என்பது அவர் தீர்ப்பு. "இந்தக் காலத்துப் பிள்ளைகள்!" என்று நானும் ஒத்து ஊதினேன். ஊதியிருக்க வேண்டாம்.

பையன் வருவதற்குள், பிற்பாடு நான் விசாரித்து அறிந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1981-இல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட பி.சி. என்ற கம்ப்யூட்டரில் இன்டெல் 8088 என்ற சில்லு இருந்தது. அதற்கு விலாசம் சொல்லும் கம்பிகள் 20. அவற்றால் சுட்டக்கூடிய இடங்கள் 10,48,576. அதாவது ஒரு மெகாபைட். துறைமுகத்துப் பாஷையில் சொன்னால், 64 கிலோபைட் கொள்ளும் கிட்டங்கிகள் பதினாறு. ஆறைத் திரைக்கும் யந்திரத்தின் சொந்தக் காரியங்களுக்கும் ஒதுக்கிவிட்டு, மிச்சம் பத்தைப் புரோகிராம்களுக்கு விட்டார்கள். அதுதான் பிரசித்தி பெற்ற 640 கிலோபைட். ஆங்கிலேயர் காலத்தில் இந்தக் கரையில் முத்துக் குளித்தபோது, எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்குப் போன பிறகுதான் குளித்தவனுக்கு. அதைப் பார்க்க இந்தப் பங்கீடு தாராளமே. முதல் யந்திரத்தின் ஆரம்ப ஞாபகமே 16 கிலோபைட்தான். 640 கடல் போலத் தோன்றியிருக்கும்.

பின்னால் வந்த சில்லுகளில் கம்பிகள் பெருகின. 1982-இல் வந்த 80286-க்கு 24. 1985-இல் வந்த 80386-க்கு 32. எம்.எஸ். டாஸ் மட்டும் பழைய புரோகிராம்களைக் கைவிட மாட்டாமல் பழைய மதிலுக்குள்ளேயே குடித்தனம் நடத்தியது. வெளியே எத்தனை கிட்டங்கி கட்டினாலும் சாதாரணப் புரோகிராம் எட்டிப் பார்க்காது. உள்ளே இருந்த பத்திலும் டாஸ், மவுஸை ஓட்டும் புரோகிராம், வைரஸுக்குக் காவல் இருக்கும் புரோகிராம் எல்லாம் முன்கூட்டியே பாய் விரித்துவிடும்.

பையன் வந்தான். வசவையெல்லாம் கேட்டுக்கொண்டான்.

"இடம் இருக்கு அண்ணாச்சி. போற வழிதான் தெறக்கல."

'மெம்' என்று அடித்தான். யார் யார் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று திரை ஜாபிதா போட்டது. வாங்கிய 4 மெகாபைட்டும் அதில் பத்திரமாக இருந்தது! பிறகு 'கான்ஃபிக்.சிஸ்' என்ற கோப்பில் மூன்று வரி எழுதினான். முதல் வரி 'ஹைமெம்.சிஸ்': மதில் வாசலின் சாவி. இரண்டாவது 'இ.எம்.எம்.386': யந்திரத்துக்கு ஒதுக்கிய ஆறு கிட்டங்கிகளில் சும்மா கிடக்கும் மூலைகளை உபயோகத்துக்குக் கொண்டுவருவது. சாவிக்கு முன்னால் மூலையைத் தேடினால் பலிக்காது. மூன்றாவது வரி, டாஸின் பெரும்பகுதியை மதிலுக்கு அப்பாலுள்ள முதல் கிட்டங்கிக்குக் குடிபெயர்ப்பது. 1991-இல் வந்த ஐந்தாம் பதிப்பு முதல் டாஸுக்கு இந்த வசதி உண்டு. மவுஸையும் காவலாளியையும் மூலைகளுக்கு அனுப்பிவிட்டு, யந்திரத்தை அணைத்துப் போட்டான். கணக்குத் திறந்தது.

சிநேகிதர் கணக்கில் மூழ்கிவிட்டார். பையனிடம் ஒருவரும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை, நானும்தான்.

பல வருஷங்கள் கழித்து, 4 ஜிகாபைட் போட்ட என் சொந்தக் கம்ப்யூட்டர் மூன்றேகால்தான் காட்டியது. கடைக்காரரிடம் சண்டை போட ரசீதோடு கிளம்பினேன். வாசற்படியில் அந்தப் பையனின் முகம் ஞாபகம் வந்தது. திரும்பி வந்து விசாரித்தேன். 32 பிட் விண்டோஸில், விலாசங்களில் ஒரு பங்கு மற்றச் சாதனங்களுக்குப் போய்விடுமாம். 64 பிட்டுக்கு மாறினால் தீருமாம்.

பதினாறு கிட்டங்கிக் கதையேதான். ரசீதை மேஜைக்குள் போட்டுப் பூட்டினேன்.