கிளாடியேட்டரும் நடுகல் வீரனும்: ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம்

கிளாடியேட்டர், 2000-ல் வெளிவந்த ஹாலிவுட் வரலாற்றுத் திரைப்படம். இயக்குநர் ரிட்லி ஸ்காட். ரோமானியப் படைத்தலைவன் ஒருவன் அடிமையாகி, அரங்கில் போரிட்டு, தன் மனைவியையும் மகனையும் கொல்வித்த பேரரசனைப் பழிவாங்குவது இதன் கதை. வாளால் இறந்தவனுக்குக் கல் எழுப்பும் வழக்கம் ரோமானியரிடமும் இருந்தது, தமிழரிடமும் இருந்தது. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் அத்தகைய நடுகற்கள் மிகுந்த பகுதி. சிந்திய இரத்தத்திற்கு ஈடு என்ன என்ற கேள்விக்குத் திரைப்படம் பழி என்று விடை சொல்கிறது. இந்த எல்லைப்புறத்துக் கற்கள் சொல்லும் விடை வேறு.

திரைப்படமும் வரலாறும்

படத்தின் நாயகன் மாக்சிமஸ் கற்பனைப் பாத்திரம். மார்க்கஸ் அரேலியஸ், கொமோடஸ் இருவரும் வரலாற்றில் வாழ்ந்த பேரரசர்கள். தந்தையை மகன் கொல்வதாகப் படம் காட்டுகிறது. மார்க்கஸ் அரேலியஸ் பொ.யு. 180-ல் போர்முனைப் பகுதியில் நோயுற்று இறந்தார் என்பதே பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. கொமோடஸ் 177 முதலே தந்தையுடன் இணைப் பேரரசனாக இருந்தான். அவன் அரங்கில் இறங்கிப் போரிட்டது உண்மை. ஆனால் இறந்தது அரங்கில் அல்ல. 192-ஆம் ஆண்டின் கடைசி நாளில் அரண்மனைச் சதியில் நார்சிசஸ் என்ற மல்லனால் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டான்.

ரோமானிய அரங்கு

ரோம் நகரில் கிளாடியேட்டர் போர் ஈமச்சடங்காகத் தொடங்கியது. பொ.யு.மு. 264-ல் புரூட்டஸ் பெரா என்பவரின் இறுதிச் சடங்கை ஒட்டி மூன்று இணை வீரர்கள் மாட்டுச்சந்தைத் திடலில் மோதினர். இறந்தவருக்குச் செய்ய வேண்டிய கடன் என்ற பொருளிலேயே இது வழங்கப்பட்டது. பின்னர் அது அரசியல் செல்வாக்கிற்கான கேளிக்கையாக மாறியது. கொலோசியம் அரங்கு பொ.யு. 80-ல் திறக்கப்பட்டது.

வீரர்களில் பெரும்பாலோர் அடிமைகள், போர்க்கைதிகள், தண்டனை பெற்றவர்கள். ஒப்பந்தம் செய்துகொண்டு வந்தவர்களும் உண்டு. இறந்தவர்களுக்கு மனைவியோ உடன் போரிட்டவர்களோ கல்லறைக் கல் வைத்தனர். துருக்கியின் வடகரையில் உள்ள சாம்சுனில் கிடைத்த தியோதோரஸ் என்ற வீரனின் கல் குறிப்பிடத்தக்கது. எதிராளியை வீழ்த்தியும் உடனே கொல்லாமல் விட்டதாகவும், நடுவரின் வஞ்சகத்தால் தான் இறந்ததாகவும் அக்கல் முறையிடுகிறது. அந்த முறையீட்டைக் கேட்க ஓர் அவையும் இல்லை. அரங்குகளில் பழிக்கு உரிய தெய்வமான நெமிசிஸ் வழிபடப்பட்டாள்.

எல்லை நிலத்தின் நடுகற்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரம் கங்கர், நுளம்பர், சோழர், போசளர் ஆகியோரின் ஆட்சிகள் சந்தித்த நிலம். சோழர் காலத்தில் நுளம்பபாடி, நிகரிலிச்சோழ மண்டலம் எனப் பெயர் பெற்றது. போசள அரசன் வீர ராமநாதன் கண்ணனூரை இழந்த பிறகு இப்பகுதியில் உள்ள குந்தாணியிலிருந்து ஆண்டான். ஆட்சி மாறும்போதெல்லாம் ஊர்கள் போரைச் சந்தித்தன.

நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாகச் சொல்கிறது. பல்லவர் காலக் கற்களில் பொதுவாக வில்லும் வாளும் ஏந்திய வீரன் மட்டும் இருப்பான். காலடியில் கெண்டியும் சிமிழும் இருக்கும். கன்னட நாட்டு மரபில் வந்த கற்கள் அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டவை. கீழே போர், நடுவே வீரனைத் தாங்கிச் செல்லும் தேவமகளிர், மேலே சிவலோகம். எல்லைப்புறத்தில் இவ்விரு மரபுகளும் அருகருகே காணப்படுகின்றன.

தொறு

நடுகற்களில் அடிக்கடி வரும் சொல் தொறு. ஆநிரை என்று பொருள். கன்னடத்தில் இது துறு என வழங்குகிறது. தொறு கவர்ந்தபோதும் தொறு மீட்டபோதும் பட்டவர்களுக்குக் கல் நடப்பட்டது. புலி, பன்றி ஆகியவற்றோடு போரிட்டு இறந்தவர்களுக்கும் கல் உண்டு. ரோமானிய அரங்கில் விலங்குப் போர் காட்சிக்காக நடந்தது. இங்கே புலியோடு நடந்த போர் ஊரையும் மாட்டையும் காப்பதற்கானது. பார்வையாளர் என்று தனியே எவரும் இல்லை.

உதிரப்பட்டி

இறந்த வீரனின் குடும்பத்திற்கு அரசனோ ஊராரோ அளித்த நிலம் உதிரப்பட்டி எனப்பட்டது. நெய்த்தோர்பட்டி என்றும் சொல்வர். நெய்த்தோர் என்றால் இரத்தம். கன்னடத்தில் இதற்கு இணையானது நெத்தரு கொடகெ. கல் வீரனின் பெயரைக் காத்தது, நிலம் அவன் பிள்ளைகளைக் காத்தது.

பேகூரில் கிடைத்த கங்கர் காலக் கல் இதற்குச் சிறந்த சான்று. பேகூர், ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் வழிக்கு மேற்கே உள்ளது. கங்க அரசன் எரெயப்பனின் காலத்தில் நாகத்தரன் என்ற தலைவன் வீரமகேந்திரனின் படையோடு தும்பெபாடியில் போரிட்டு மாண்டான். எரெயப்பன் நாகத்தரன் என்ற பட்டத்தை இருகன் என்பவனுக்குக் கட்டி, பெம்பூர் பன்னிரண்டு ஊர்களையும் அளித்தான். யானைப்போர்க் காட்சியோடு கூடிய இக்கல் பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது.

தவறுதலாக நேர்ந்த கொலையிலும் இதே போக்கு தெரிகிறது. வேட்டையில் அம்பு தவறி ஒருவரைக் கொன்றவன் கோயிலுக்கு நுந்தா விளக்கு வைக்க வேண்டும் என்று ஊரவை தீர்ப்பளித்ததைச் சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றில் காணலாம். உயிருக்கு உயிர் கேட்கப்படவில்லை.

இதனால் பழியுணர்வே இல்லாத சமூகம் என்று கொள்ள முடியாது. தொறு கவர்தலும் மீட்டலும் தொடர்ந்து நடந்தன. பகை முடியாத நிலையிலும் இறந்தவன் வீட்டுக்குரிய கடன் தீர்க்கப்பட வேண்டும் என்ற முறை இருந்தது. தியோதோரஸின் கல்லில் இருப்பது தீர்க்கப்படாத முறையீடு. நாகத்தரனின் கல்லில் இருப்பது தீர்க்கப்பட்ட கணக்கு.

இன்றைய நிலை

கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் நடுகற்கள் பல வேடியப்பன் என்ற பெயரில் வழிபடப்படுகின்றன. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் இவ்வட்டாரக் கற்கள் சில பாதுகாக்கப்படுகின்றன. ஏரிக்கரைகளிலும் வயல்களிலும் நிற்பவையும் உண்டு.

சிப்காட் தொழிற்பேட்டைகள், நெடுஞ்சாலைகள், வீட்டுமனைகள் ஆகியவற்றால் இப்பகுதியின் நிலம் வேகமாக மாறிவருகிறது. நடுகல் பல நேரங்களில் ஊரின் பழைய எல்லையையும், போர் நடந்த இடத்தையும், கொடை நிலத்தையும் அடையாளம் காட்டுவது. எழுத்தில்லாத கல் இடம் பெயர்ந்தால் அது வெறும் சிற்பமாகிவிடும். அது யாருக்காக, எந்த ஊரின் மாட்டுக்காக நடப்பட்டது என்பதைச் சொல்ல அது நின்ற மண்ணைத் தவிர வேறு சான்று இல்லை. ஆகவே, கல்லை அகற்ற நேர்ந்தால் அது நின்ற இடத்தையும் ஊரார் அதற்கு வழங்கும் பெயரையும் முதலில் பதிவுசெய்வது அவசியம்.