கட்டைவிரலும் கடிகாரக்காரர்களும்

நம்மூர்த் தூண்டிலில் ரீல் கிடையாது. மூங்கில் கழி, நுனியில் தங்கூசி நரம்பு, தக்கை, முள், ஒரு மண்புழு. அவ்வளவுதான். கழி எட்டுகிற தூரம்வரைதான் முள் போகும். அதைத் தாண்டி நிற்கிற மீன் தப்பித்தது. கழி எட்டாத இடத்துக்கும் இரையை எறிய வேண்டும் என்று மனிதனுக்கு ஆசை வந்தபோதுதான் ரீலின் கதை தொடங்குகிறது. அந்தக் கதையைத் தேடித் தேடி வாசித்ததில் ஒரே தொழில்காரர்கள் திரும்பத் திரும்ப எனக்கு எதிர்ப்பட்டார்கள். மீனவர்கள் இல்லை. கடிகாரம் செய்கிறவர்கள்.

முதல் ஆள் ஜார்ஜ் ஸ்னைடர். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பாரிஸ் என்றொரு சிற்றூர் (பிரான்ஸ் பாரிஸுக்கும் இதற்கும் பெயரைத் தவிர எந்த ஒட்டும் இல்லை). 1800களின் தொடக்கத்தில் அங்கே கடிகார வேலையும் வெள்ளி வேலையும் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். மீன்பிடிக் கிறுக்கும் உண்டு. அவர் துரத்தியது பாஸ் என்ற நன்னீர் மீனை. ஆபீஸ் பாஸ் இல்லை, இது வேறு. பெரிய வாய், பதுங்கிக் கிடந்து பாய்கிற குணம். பாசிக்கு அடியில் காத்திருந்து தவளையை லபக்கென்று பிடிக்கிற நம்ம விராலை நினைத்துக்கொள்ளுங்கள், சரியாக இருக்கும். விராலும் பாஸும் உறவுக்காரர்கள் இல்லை, ஆனால் சுபாவம் ஒன்று. அமெரிக்காவில் பாஸுக்கென்று செய்த ரப்பர் தவளைகளை வைத்து இன்று தமிழ்நாட்டுப் பையன்கள் குளத்தில் விரால் பிடிப்பது இதனால்தான்.

அந்தக் காலத்தில் தூண்டில் போடுவதிலும் சாதி இருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த வழக்கப்படி, கனவான்கள் பிடிக்கிற மீன் ட்ரவுட். இறகால் கட்டிய பொய் ஈயை வீசி அதைப் பிடிப்பார்கள். அந்த முறையில் கனம் நூலில்தான் இருக்கும். சாட்டைபோல் நூலைச் சுழற்றி வீசுவார்கள், ரீலுக்குப் பெரிய வேலை இல்லை. பாஸ் அப்படியல்ல. அதற்கு உயிருள்ள சிறு மீனை எறிய வேண்டும். இரையின் கனம்தான் நூலை இழுத்துக்கொண்டு போகும். ரீலின் உருளை கொஞ்சம் முரண்டு பிடித்தாலும் இரை காலடியிலேயே விழும்.

பற்சக்கரம் வைத்த ரீல்கள் இங்கிலாந்தில் முன்பே இருந்தன. ஆனால் உருளை சல்லென்று சுற்றுவதற்கு, கடிகாரத்தின் அச்சும் சக்கரமும் எவ்வளவு துல்லியமாக இருக்குமோ அவ்வளவு துல்லியம் வேண்டும். அது ஸ்னைடரின் கையில் இருந்தது. பித்தளையைக் கையால் அராவிச் சக்கரம் வெட்டினார். அவர் வழியில் வந்த கென்டக்கி ரீல்களில், கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் உருளை நான்கு சுற்று சுற்றும். நூல் வேகமாக ஏறும். எறியும்போது தடையில்லாமல் ஓடும்.

இங்கேதான் புதுத் தலைவலி. இரை காற்றில் பறக்கிறது, போகப்போக வேகம் குறைகிறது. ஆனால் உருளைக்கு அது தெரியாது. அது பாட்டுக்குப் பழைய வேகத்தில் நூலை அவிழ்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு நொடியில் ரீலுக்குள் குருவிக்கூடு மாதிரி ஒரு சிக்கு. அமெரிக்கர்கள் இதை பேக்லாஷ் என்பார்கள். இதற்கு மருந்து ஒன்றுதான் இருந்தது: கட்டைவிரல். உருளை சுழலும்போது விரலின் சதை நூல்மேல் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். அழுத்தினால் இரை பாதி வழியில் நிற்கும். விட்டுவிட்டால் சிக்கு. இரை தண்ணீரைத் தொடும் கணத்தில் அழுத்தி நிறுத்த வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது, விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும். இதற்குப் பிறகான இருநூறு ஆண்டு ரீல் வரலாற்றை, அந்த விரலுக்குத் தெரிந்ததை ஓர் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க நடந்த முயற்சி என்றே நான் வாசிக்கிறேன்.

ஸ்னைடருக்குப் பின் ஃப்ராங்க்ஃபர்ட் (இதுவும் கென்டக்கிதான்) ஊரில் மீக் சகோதரர்கள் வருகிறார்கள். ஸ்னைடர் செய்த ரீலைத் தொலைத்துவிட்ட ஒரு நீதிபதி, "இதே மாதிரி செய்து தர முடியுமா" என்று கேட்டுப் போனார் என்பது அங்கே சொல்லப்படும் கதை. போன இடம் வேறெது, கடிகாரக் கடைதான். பிற்காலக் கென்டக்கி ரீல்கள் சிலவற்றில் அச்சு உட்காருமிடத்தில் சிறு ரத்தினக் கற்கள் பதித்திருப்பார்கள். கைக்கடிகாரத்தில் "17 ஜுவல்ஸ்" என்று போட்டிருக்குமே, அதே வேலை. மீக் கம்பெனியை 1916இல் வாங்கியது கனெக்டிகட்டின் பிரிஸ்டல் நகரத்து ஹார்ட்டன் கம்பெனி. பிரிஸ்டல் அமெரிக்காவின் சுவர்க்கடிகாரங்கள் பிறந்த ஊர்களில் ஒன்று. அந்தக் கம்பெனியின் மூலவர் எவரெட் ஹார்ட்டன், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் எஃகுக் குழாய்களால் தூண்டில் கழி செய்து 1887இல் காப்புரிமை வாங்கியவர். ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கக் கூடாதென்று கட்டுப்பாடு இருந்த ஊரில், கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு போக வசதியாக அதைச் செய்தாராம். கதைதான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

பாஸுக்கு மரியாதை வாங்கிக்கொடுத்தது ஒரு புத்தகம். ஜேம்ஸ் ஹென்ஷால் என்ற மருத்துவர் 1881இல் பாஸுக்கென்றே தனி நூல் எழுதி, ட்ரவுட்டுக்கு இது எந்த விதத்திலும் இளைத்ததில்லை என்று வாதாடினார். அதன்பின் சந்தை சூடு பிடித்தது. மிச்சிகனில் தேனீ வளர்த்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் ஹெட்டன் மரத்தில் இரை செதுக்கி விற்கத் தொடங்கினார். அதே மாநிலத்தின் கலமஸூ நகரில், நூலை உருளைமேல் இடவலமாகச் சீராகப் படியவைக்கும் ரீலோடு 1897இல் ஒருவர் கம்பெனி தொடங்கினார். அவர் பெயர் வில்லியம் ஷேக்ஸ்பியர். நான் விளையாடவில்லை, உண்மையிலேயே அதுதான் பெயர்.

கழிக்கு வருகிறேன். இதில் நம் பக்கத்து நாட்டார் யாரும் பேசாத ஒரு தொடர்பு இருக்கிறது. 1840களில் பென்சில்வேனியாவின் ஈஸ்டனில் சாமுவேல் ஃபிலிப்பி என்ற துப்பாக்கி செய்பவர் (வயலினும் செய்வார்) மூங்கிலைப் பட்டை பட்டையாகப் பிளந்து ஒட்டிக் கழி செய்தார். அந்த மூங்கிலுக்கு அங்கே பெயர் "கல்கத்தா". வங்கத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியதால் அந்தப் பெயர். மேலெல்லாம் தீயில் வாட்டிய கறுப்புத் தழும்புகளோடு வரும். அதை வெட்டியவர், வாட்டியவர், சுமந்தவர் யாருடைய பெயரும் தூண்டில் வரலாற்றுப் புத்தகங்களில் இல்லை. ஃபிலிப்பியின் பெயர் எல்லாவற்றிலும் இருக்கிறது. பிறகு சீனாவின் குவாங்தொங் மூங்கில் வந்து கல்கத்தாவைத் தள்ளியது. 1950இல், கொரியப் போரின்போது, சீன வணிகத்துக்கு அமெரிக்கா தடை போட்டதும் அதுவும் நின்றது. அதற்குள் ஷேக்ஸ்பியர் கம்பெனி கண்ணாடியிழைக் கழியைக் கொண்டுவந்திருந்தது. 1973இல் ஃபென்விக் கார்பன் கழி. நூலின் கதையும் இதே போக்குதான்: பட்டு நூலை ஒவ்வொரு மாலையும் அவிழ்த்து உலர்த்தாவிட்டால் இற்றுப்போகும், நைலான் வந்தது, அந்த மாலை வேலை ஒழிந்தது.

சரி, கட்டைவிரல். அடுத்த கடிகாரக்காரர்கள் ஸ்வீடனில். ஸ்வாங்ஸ்டா என்ற ஊரில் 1921இல் கார்ல் ஆகஸ்ட் போர்க்ஸ்ட்ரம் தொடங்கிய கம்பெனியின் பெயர் ஏ.பி. ஊர்ஃபாப்ரிகன். அதற்குப் பொருளே கடிகாரத் தொழிற்சாலை. டாக்ஸி மீட்டரும் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் இல்லை. டாக்ஸி ஓடவில்லையென்றால் மீட்டரை யார் வாங்குவார்? ரீல் செய்ய இறங்கினார்கள். அந்த நீளப் பெயரின் சுருக்கம்தான் தூண்டில்காரர்கள் அறிந்த "ஆபு". 1952இல் வந்த அவர்களுடைய சிவப்பு நிற ஆம்பாஸடர் 5000 பாஸ் உலகத்தையே புரட்டிப்போட்டது. அப்படிப் பழைய ரீல் ஒன்றைக் கழற்றிப் பார்க்க எனக்கு ஒருமுறை வாய்த்தது. உருளையின் பக்கத்தில் இரண்டு குட்டிக் கட்டைகள், கம்பியில் கோத்தவை. உருளை வேகமாகச் சுழன்றால் அவை வெளிப்புறமாகத் தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உரசும். வேகம் குறைந்தால் உரசல் குறையும். கட்டைவிரல் செய்த அதே காரியம், அரிசிமணி அளவு கட்டைகளில். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் இந்த வரலாற்றில் உண்மையான புரட்சி எதுவென்று என்னைக் கேட்டால், ஆம்பாஸடர் என்று சொல்ல மாட்டேன். டல்சா நகரத்தில் "ஜீரோ ஹவர் பாம் கம்பெனி" என்று ஒன்று இருந்தது. எண்ணெய்க் கிணற்றுக்குள் வைத்து வெடிக்கிற நேரக் குண்டுகள் செய்தார்கள். (நேரக் குண்டு என்றால் மறுபடியும் கடிகாரம்!) 1940களின் இறுதியில் ஆர்.டி. ஹல் என்ற டெக்சாஸ்காரர் அவர்களிடம் ஒரு விசித்திரமான சாமானோடு போனார்: பலகை, ஆணிகள், ஒரு காப்பி டப்பா மூடி. மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிறவர் அசையாத நூற்கண்டிலிருந்து நூலை உருவுவதைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை. உருளை சுழல்வதால்தானே சிக்கு விழுகிறது? அப்படியானால் சுழலவே வேண்டாம். நூல் அதன் பக்கவாட்டில் உருவிக்கொண்டு போகட்டும். இதே கோட்பாட்டில் இங்கிலாந்தின் நெசவாலைக்காரர் ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் 1905இலேயே காப்புரிமை வாங்கியிருந்தார். ஹல் செய்தது, அதை மூடிபோட்டு ஒரு பொத்தானில் அடக்கியது. பொத்தானை அழுத்து, வீசு, விடு. 1949இல் விற்பனைக்கு வந்தது. குண்டுக் கம்பெனியின் பெயர் அச்சடித்த பெட்டியோடு ஐசன்ஹோவருக்கு ஒரு ரீல் போனதாகவும், பாதுகாவலர்கள் பதறி அதைத் தண்ணீரில் முக்கியதாகவும் ஒரு கதை உலவுகிறது. எப்படியோ, 1956இல் பெயரைச் சுருக்கி "ஜெப்கோ" ஆக்கிக்கொண்டார்கள்.

விவரம் தெரிந்த தூண்டில்காரர்கள் இன்றைக்கும் ஜெப்கோவைப் பொம்மை என்று எள்ளுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கென்டக்கி ரீலை வாங்கப் பணம் வேண்டும், பழக நேரம் வேண்டும். இரண்டும் இல்லாதவர் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார். ஏழு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் முதல் நாளே வீசக்கூடிய ரீல் என்பது சின்ன விஷயம் இல்லை. இதே காலத்தில் அணைகளும் பெருகிப் புதுப்புது நீர்த்தேக்கங்கள் உருவாகியிருந்தன. அவற்றில் பாஸ் பெருகிக் கிடந்தது. மீனும் தயார், கருவியும் தயார். ரே ஸ்காட் என்ற காப்பீட்டு முகவர் 1967இல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் 106 பேரைக் கூட்டிப் போட்டி நடத்தி, அதைப் பணம் புரளும் விளையாட்டாக்கினார். பிடித்த மீனை உயிரோடு திரும்ப விட வேண்டும் என்ற வழக்கத்தை 1972இலிருந்து போட்டிகளில் பரப்பியவரும் அவரே.

போட்டி வந்ததும் விரல் மறுபடி தேவைப்பட்டது. பொத்தான் ரீலில் அவ்வளவு குறிபார்த்து எறிய முடியாது. ஜப்பான் கம்பெனிகள் நுழைந்தன. டைவா காந்தத்தால் உருளையை மெதுவாக்கியது. சைக்கிள் பாகங்கள் செய்துவந்த ஷிமானோ இன்னும் ஒரு படி போய், ரீலுக்குள் ஒரு கணினிச் சில்லையே வைத்தது. பேட்டரி கிடையாது, உருளை சுழல்வதிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு, நொடிக்கு ஆயிரம் முறை வேகத்தைப் பார்த்துத் தடை போடும். அந்த ரீல் வரிசை ஒன்றின் பெயர் "கல்கத்தா".

இவ்வளவும் பெரிய மீன் பிடிக்கத்தானே என்று கேட்பீர்கள். 1932 ஜூன் 2, ஜார்ஜியா மாநிலம், மான்ட்கோமரி ஏரி. பொருளாதாரப் பெருமந்த காலம். அப்பாவை முந்தைய ஆண்டு இழந்து, குடும்பத்தைத் தாங்கிய இருபது வயது விவசாயி ஜார்ஜ் பெர்ரி. மழை பெய்ததால் உழவு இல்லை, நண்பரோடு மீன் பிடிக்கப் போனார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கழி, ஒரே ரீல், மர இரையும் ஒன்றே ஒன்று. மாட்டிய பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 10 கிலோவுக்கும் கொஞ்சம் மேலே. எடை போட்டுவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். குடும்பம் சமைத்துச் சாப்பிட்டது.

அந்த எடையை 77 ஆண்டுகள் யாராலும் எட்ட முடியவில்லை. 2009 ஜூலை 2 அன்று ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா எட்டினார். அவர் கையில் இருந்தது கணினிச் சில்லு வைத்த ஷிமானோ ரீல். முள்ளில் கோத்திருந்தது உயிருள்ள ஒரு ப்ளூகில். பாஸ் 1925இல் அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்குப் போன மீன். ப்ளூகில்லும் அமெரிக்க மீன்தான்; 1960இல் சிகாகோ மேயர் பட்டத்து இளவரசர் அகிஹிதோவுக்குப் பரிசாகக் கொடுத்தது. அவை பெருகி நாட்டு மீன்களை அழிப்பதைப் பார்த்து, 2007இல் பேரரசராக இருந்த அகிஹிதோ பொதுமேடையிலேயே வருத்தம் தெரிவித்தார். இன்று பிவாவில் பாஸைப் பிடித்தால் திரும்ப ஏரிக்குள் விடக் கூடாது என்பது சட்டம். கரையோரம் அதைப் போட்டுவிட்டுப் போகப் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள்.

குரிதாவின் மீன் பெர்ரியின் மீனைவிட ஒரு அவுன்ஸுக்கும் குறைவாகவே கூடுதல். பழைய சாதனையை முறியடிக்க விதிப்படி இரண்டு அவுன்ஸ் கூடுதலாக இருக்க வேண்டும். அதனால் சாதனைப் பட்டியலில் இரண்டு பெயர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.