குண்டுகரிச்சான்

குண்டுகரிச்சான் தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வீட்டுத் தோட்டங்கள், தோப்புகள், காட்டோரங்களில் வாழும் பாடும் பறவை. வண்ணாத்திக்குருவி என்றும் பெயருண்டு. காப்சிகஸ் சாலாரிஸ் என்னும் அறிவியல் பெயர் கொண்ட இதனை 1758இல் லின்னேயஸ் வகைப்படுத்தினார். முன்பு பூங்குருவிகளோடு சேர்க்கப்பட்டிருந்தது. இன்று ஈப்பிடிப்பான் குடும்பத்தில் உள்ளது.

நீளம் ஏறக்குறைய 19 செ.மீ. ஆணின் தலை, மார்பு, முதுகு பளபளக்கும் கருநீலம், வயிறு வெள்ளை, இறக்கையில் நீண்ட வெள்ளைப்பட்டை. பெண்ணுக்குக் கருமைக்குப் பதில் சாம்பல் நிறம். இலங்கையில் பெண்ணும் ஆணைப் போலவே கறுத்திருக்கும். வாலைச் செங்குத்தாகத் தூக்கி நிற்பது இதன் வழக்கம். ஆனால் வாலை மட்டும் நம்பினால் ஏமாறுவோம்: கருஞ்சிட்டும் வாலைத் தூக்கும். அதற்கு வயிறு வெள்ளையில்லை, வாலடி செம்பழுப்பு. நீரோரம் வாலை ஆட்டித் திரியும் வெண்புருவ வாலாட்டிக்குக் கண்ணுக்கு மேல் வெள்ளைக்கோடு இருக்கும். வயிற்றையும் இறக்கைப்பட்டையையும் சேர்த்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

கண்ணைவிடக் காதுக்கு எளிதில் அகப்படும் பறவை இது. இனப்பெருக்கக் காலத்தில், பெரும்பாலும் மார்ச் முதல் ஜூலை வரை, விடியுமுன்பே மர உச்சியிலோ ஆன்டெனாக் கம்பியிலோ அமர்ந்து ஆண் பாடத் தொடங்கும். சீழ்க்கைகள் ஏறி இறங்கி, அடிக்கடி மாறும். இடையிடையே வேறு பறவைகளின் குரலும் கலக்கும். துணையை அழைப்பதும், எல்லைக்குள் வரும் மற்ற ஆணை எச்சரிப்பதும் இந்தப் பாட்டுத்தான். எதிரி விலகாவிட்டால் உடலைச் சிலிர்த்து, அலகை மேலே நிமிர்த்தி மிரட்டும். பருவம் முடிந்ததும் பாட்டு ஏறக்குறைய நின்றுவிடும். கரகரத்த அதட்டல் ஒலி மட்டும் கேட்கும். பறவை ஊரைவிட்டுப் போய்விட்டதாக அப்போது பலர் நினைப்பதுண்டு. அது அதே தோட்டத்தில்தான் இருக்கும்.

மரப்பொந்து, சுவர்த்துளை, வைத்துக்கொடுத்த கூட்டுப்பெட்டி எதுவும் இதற்குக் கூடாகும். பழுப்புப் புள்ளியிட்ட வெளிர்நீலப்பச்சை முட்டைகள் நான்கோ ஐந்தோ இடும். அடைகாப்பது பெண் மட்டுமே. பூச்சிகளே முதன்மை உணவு. பல்லி, பூரான், பூந்தேன் ஆகியவற்றையும் உண்ணும்.

வங்கதேசத்தின் தேசியப் பறவை இது. அந்நாட்டின் பழைய 2 டாக்கா நோட்டிலும் இதன் படம் இருந்தது. இனிய குரலே சில நாடுகளில் இதற்கு வினையாயிற்று. கூண்டில் வளர்க்கப் பிடித்ததால் சிங்கப்பூரில் ஒருகாலத்தில் அருகிப்போனது. இந்தோனேசியாவிலும் பறவைச் சந்தைகள் இதன் எண்ணிக்கையைக் குறைத்தன. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.