வட்டி முதலாகும் நேரம்: தமிழகத்தில் குறித்தகால வைப்பும் அதன் கணக்கும்

வங்கியில் ஒரு லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டிக்கு ஐந்தாண்டுகள் போட்டு வைத்தால் எவ்வளவு சேரும்? ஆண்டுதோறும் வட்டியை வாங்கிக்கொண்டவருக்கு முதலும் வட்டியுமாக 1,35,000 ரூபாய். வட்டியைத் தொடாமல் காலாண்டுக்கு ஒருமுறை முதலோடு சேரவிட்டவருக்கு 1,41,478 ரூபாய். இருவருக்கும் விகிதம் ஒன்றுதான். 6,478 ரூபாய் வேறுபாடு, வட்டி முதலாக மாறும் நேரத்தால் வந்தது.

எஃப்.டி. என்று பேச்சில் சொல்லும் குறித்தகால வைப்பின் வருவாயை விகிதத்தை மட்டும் பார்த்து எடைபோடுவது இன்றும் பரவலான வழக்கம். தமிழகத்தின் சான்றுகளைத் தொடர்ந்து பார்த்தால், வைப்பாளரின் ஆதாயத்தையும் இழப்பையும் வேறு இரண்டு கேள்விகளே பெரிதும் தீர்மானித்திருக்கின்றன. வட்டி எப்போது முதலோடு சேர்கிறது? முதலுக்கு யார் பொறுப்பு? இக்கட்டுரை இவ்விரண்டையும் சோழர் காலம் தொட்டு இன்றைய வங்கி ரசீது வரை பின்தொடர்கிறது.

சபையிடம் வைத்த காசு

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவை உள்ளிட்டோர் தாம் எழுந்தருளுவித்த திருமேனிகளின் வழிபாட்டுக்காக ஊர்ச் சபைகளிடம் காசு வைத்ததைப் பதிவு செய்கின்றன. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது வட்டி. இன்றைய கணக்கில் அது 12½ விழுக்காடு. நூறு காசு பெற்ற ஊர் ஆண்டுதோறும் பன்னிரண்டரைக் காசைக் கோயிலுக்குச் செலுத்த வேண்டும். பொலிசையைக் காசாகக் கொடுத்த ஊர்களும் உண்டு, நெல்லாக அளந்த ஊர்களும் உண்டு.

விளக்கெரிக்க ஆடுகளை விட்ட அறக்கட்டளைகளிலும் இதே எண்ணம்தான். ஒரு நந்தா விளக்குக்கு நாளொன்றுக்கு உழக்கு நெய் வேண்டும். அதற்காக 90 அல்லது 96 ஆடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுகள் குறித்தன. செத்ததற்கும் மூத்ததற்கும் ஈடாகக் குட்டிகள் சேர்ந்து எண்ணிக்கை குறையாமல் நிற்க வேண்டும், நெய் மட்டும் செலவாக வேண்டும். முதல் வேறு, விளைவு வேறு என்ற கணக்கறிவு ஆட்டு மந்தை வரை தெளிவாகப் பரவியிருந்தது.

இவற்றை இன்றைய வைப்பின் முன்வடிவம் என்று எழுதிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சபையிடம் வைத்த காசுக்கு முதிர்வு நாள் கிடையாது. சந்திராதித்தர் உள்ளவரை அது அங்கேயே நிற்கும். பொலிசை ஆண்டுதோறும் வழிபாட்டில் செலவானதால் வட்டிக்கு வட்டி என்ற பேச்சுக்கும் இடமில்லை. அந்த ஏற்பாட்டில் நாம் கவனிக்க வேண்டியது பொறுப்பு யாருடையது என்பதைத்தான். தனியொருவர் வாக்கை நம்பிக் காசு கொடுக்கப்படவில்லை. ஊர் முழுவதும் கூட்டாகப் பொறுப்பேற்றது. அதன் பின்னால் நிலமும் விளைச்சலும் நின்றன. ஒப்பந்தம் எல்லோரும் காணக் கல்லில் வெட்டப்பட்டது.

தவணையும் நடப்பு வட்டியும்

காலம் குறித்து வைப்பு வாங்குவதையும், காலம் முடிந்ததும் வட்டியை முதலோடு சேர்ப்பதையும் தமிழகத்தில் நுட்பமான தொழிலாக வளர்த்தவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பர்மா, இலங்கை, மலாயா எங்கும் அவர்களின் கடைகள் இருந்தன. தமக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கான நடப்பு வட்டியை ரங்கூனில் மாதந்தோறும் கோயிலில் கூடி முடிவு செய்தார்கள். காலம் குறித்த வைப்புக்கான தவணை வட்டி அந்த நடப்பு வட்டியை ஒட்டி ஏறி இறங்கியது. தவணை முடியும் நாளில் பணத்தை வாங்கிக்கொள்ளாவிட்டால் வட்டி முதலாகி அடுத்த தவணை தொடங்கும்.

வட்டியை நூற்றுக்கு மாதம் இத்தனை அணா என்று பேசினார்கள். மாதம் பத்து அணா என்றால் ஆண்டுக்கு 120 அணா, அதாவது ஏழரை ரூபாய். ஆயிரம் ரூபாயை இரண்டு மாதத் தவணையில் போட்டதாகக் கொள்வோம். ஒவ்வொரு தவணைக்கும் நூற்றுக்கு ஒன்றேகால் ரூபாய் சேரும். ஆண்டில் ஆறு தவணை. தனிவட்டியில் 1,075 ரூபாயாக இருக்க வேண்டியது 1,077 ரூபாய் 6 அணா ஆகிறது. சிறிய தொகைதான். பத்துப் பதினைந்து ஆண்டுகள் எடுக்காமல் விட்ட பணத்தில் அது பெருந்தொகையாக வளரும்.

இந்த மாதக் கணக்கு இன்றும் நம் கடைவீதிகளில் வாழ்கிறது. ‘இரண்டு வட்டி’ என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24 விழுக்காடு. ‘ஒன்றரை வட்டி’ 18 விழுக்காடு. வங்கி சொல்லும் ‘ஏழு’ ஆண்டுக் கணக்கு, கடைவீதி சொல்லும் ‘இரண்டு’ மாதக் கணக்கு. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டால்தான், அதிக வட்டி தருவதாகச் சொல்பவர் எவ்வளவு பெரிய இடரை நம் தலையில் ஏற்றுகிறார் என்பது புலப்படும்.

1929–30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கே புழங்கிய நகரத்தார் முதலீட்டை ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதை அடுத்து நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய உழவர்களால் திருப்பிக் கட்ட முடியவில்லை. 1930களின் இறுதிக்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் நகரத்தார் பெயருக்கு மாறியிருந்தது. விற்க முடியாத நிலம் கையில், திருப்பித்தர வேண்டிய வைப்பு கணக்கில். 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு அந்த நிலத்தையும் எட்டாக் கைக்குக் கொண்டுபோனது. வட்டிக் கணக்கில் எந்தப் பிழையும் இல்லாமலேயே முதல் கரைந்துபோகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் பொருளியல் வரலாற்றில் இல்லை.

1906 அக்டோபர் 22

சென்னையில் பொறுப்புக் கேள்வி அதற்கு முன்பே வெடித்திருந்தது. அர்பத்நாட் கம்பெனி மாநகரின் மதிப்புமிக்க ஆங்கிலேய வணிக நிறுவனம். வட்டிக்கு வைப்புப் பணம் வாங்குவது அதன் தொழில்களில் ஒன்று. அது பங்காளிகள் நடத்திய நிறுவனம். வரவு செலவைப் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை. ஓய்வூதியர்கள், அரசு அலுவலர்கள், கைம்பெண்கள் எனப் பலர் பெயரை நம்பிப் பணம் போட்டிருந்தார்கள். 1906 அக்டோபர் 22இல் நிறுவனம் கதவை மூடியது. தலைமைப் பங்காளி சர் ஜார்ஜ் அர்பத்நாட் குற்றவாளி என்று தீர்ப்பாகிப் பதினெட்டு மாதக் கடுங்காவல் பெற்றார். வைப்பாளர்களின் பணம் பெரும்பகுதி திரும்பவில்லை.

வைப்பாளர்களுக்காக வழக்காடியவர்களில் முன்னின்றவர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர். அவர் முயற்சியில் 1907 மார்ச்சில் இந்தியன் வங்கி பதிவாகி, அதே ஆண்டு ஆகஸ்ட் 15இல் செயல்படத் தொடங்கியது. பங்குகளைப் பொதுமக்களே வாங்கும், கணக்கை வெளியிடும் வங்கி அது. வட்டி எவ்வளவு என்பதோடு கணக்கு எங்கே என்றும் கேட்கும் பழக்கத்தைச் சென்னை அந்த இழப்பிலிருந்து கற்றுக்கொண்டது என்றே நான் கருதுகிறேன்.

மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872இலேயே தொடங்கியிருந்தது. கும்பகோணத்தில் 1904, கரூரில் 1916, தூத்துக்குடியில் 1921 என ஊர்தோறும் வங்கிகள் எழுந்தன. 1937இல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நேரத்தில் கிளை திறந்தது. தவணைக் கணக்கில் ஊறிய நகரத்தார் சமூகம் கூட்டுப்பங்கு வங்கிக்குள் நுழைந்த கட்டம் அது. மறு ஆண்டே திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி முறிந்தது. ரிசர்வ் வங்கி 1935இலேயே பிறந்துவிட்டாலும், வைப்பாளரைக் காக்கும் சட்ட வலிமை அதனிடம் அப்போது இல்லை. 1949இன் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம்தான் அந்த வலிமையைத் தந்தது.

விகிதத்தை முடிவு செய்தது யார்

வைப்பு வட்டியை இன்று ஒவ்வொரு வங்கியும் தானே முடிவு செய்கிறது. இது அண்மைக் காலத்து நிலைமை. பல பத்தாண்டுகள் ரிசர்வ் வங்கியின் ஆணையே விகிதத்தைத் தீர்மானித்தது. எந்த வங்கிக்குப் போனாலும் அதே வட்டிதான். 1992 ஏப்ரலில் காலவாரியான பல விகிதங்களுக்குப் பதில் 13 விழுக்காடு என்ற ஒரே உச்சவரம்பு வந்தது. 1995 அக்டோபரில் இரண்டாண்டுக்கு மேற்பட்ட வைப்புகளும், 1996 ஜூலையில் ஓராண்டுக்கு மேற்பட்டவையும், 1997 அக்டோபரில் எஞ்சியவையும் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டன.

13 விழுக்காடு கிடைத்த அந்த நாட்களை ஏக்கத்தோடு நினைவுகூரும் முதியவர்கள் பலர். அப்போது விலைவாசியும் ஏறத்தாழ அதே வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். வருவாயின் உண்மை மதிப்பு, வட்டியிலிருந்து விலையேற்றத்தைக் கழித்தபின் மிஞ்சுவது மட்டுமே.

அதே தொண்ணூறுகளில் தமிழகத்தில் நிதி நிறுவனங்கள் பெருகின. வங்கியைப் போல இருமடங்கு, மும்மடங்கு வட்டி என்று விளம்பரம் செய்தன. ஓய்வூதியப் பணமும் மகள் திருமணத்துக்குச் சேர்த்த பணமும் அங்கே போயின. பல நிறுவனங்கள் கதவடைத்தபின் 1997இல் தமிழ்நாடு அரசு வைப்பாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மோசடி நிறுவனத்தின் சொத்தை முடக்கி வைப்பாளருக்குப் பகிர்ந்தளிக்க வழிசெய்த முன்னோடிச் சட்டம் அது. ஆனாலும் சட்டம் வருவதற்குள் முதல் போய்விட்டிருந்தது.

இன்றைய ரசீதைப் படிக்கும் முறை

இந்திய வங்கிகளில் கூட்டுவட்டி வைப்புக்குக் காலாண்டுக்கு ஒருமுறை வட்டி முதலோடு சேர்கிறது. 7 விழுக்காட்டை நான்கால் வகுத்தால் காலாண்டுக்கு 1.75 விழுக்காடு. ஒரு லட்சத்துக்கு முதல் காலாண்டில் 1,750 ரூபாய். இரண்டாவது காலாண்டில் வட்டி 1,01,750 ரூபாய்க்குக் கணக்கிடப்படுவதால் 1,780 ரூபாய் 63 பைசா. மூன்றாவதில் 1,811 ரூபாய் 79 பைசா, நான்காவதில் 1,843 ரூபாய் 49 பைசா. ஆண்டு முடிவில் 1,07,185 ரூபாய் 90 பைசா. ஆக, 7 விழுக்காடு என்று எழுதப்பட்ட வைப்பின் உண்மையான ஆண்டு வருவாய் 7.19 விழுக்காடு.

மாதந்தோறும் வட்டி வாங்க விரும்புபவர்கள் 7,000 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்து 583 ரூபாய் எதிர்பார்ப்பார்கள். வங்கி தருவது சுமார் 580 ரூபாய். காலாண்டு முடிவில் தர வேண்டியதை முன்கூட்டியே தருவதால் அதற்கான கழிவைப் பிடித்துக்கொள்கிறார்கள். இது ஏமாற்று அல்ல, சரியான கணக்கு.

ஆனால் விளம்பரங்களில் வரும் இன்னொரு கணக்கை நான் ஏற்க மாட்டேன். ஐந்தாண்டில் சேர்ந்த 41,478 ரூபாய் வட்டியை ஐந்தால் வகுத்து, ஆண்டு வருவாய் 8.30 விழுக்காடு என்று காட்டுவது அது. வட்டிக்கு வந்த வட்டியையும் தனிவட்டி போலப் பிரித்துக் காட்டும் இந்த முறையில், ஆண்டுகள் கூடக்கூட வருவாய் கூடுவது போன்ற தோற்றம் உண்டாகிறது. ஓராண்டு ஆனாலும் ஐந்தாண்டு ஆனாலும் அந்த வைப்பு வளரும் வேகம் 7.19 விழுக்காடுதான்.

தவணைக்கு முன் உடைத்தால் கணக்கு மாறும். ஐந்தாண்டுக்கு 7 விழுக்காடு என்று போட்டதை ஓராண்டில் எடுத்தால், போட்ட நாளில் ஓராண்டு வைப்புக்கு இருந்த விகிதமே பொருந்தும். அது 6.5 என்றும் தண்டக் கழிவு ஒரு விழுக்காடு என்றும் கொண்டால், 5.5 விழுக்காட்டில் 1,05,614 ரூபாய் கிடைக்கும். முதிர்ந்தபின் எடுக்காமல் மறந்துவிடுவதும் இழப்பே. 2021 ஜூலை முதல், முதிர்ந்தும் புதுப்பிக்காத தொகைக்குச் சேமிப்புக் கணக்கு வட்டி அல்லது ஒப்பந்த வட்டி, இரண்டில் எது குறைவோ அதுவே தரப்படுகிறது.

வரியும் வைப்பின் வளர்ச்சியைக் குறைக்கும். கூட்டுவட்டி வைப்பில் வட்டி கைக்கு வராவிட்டாலும் அது ஆண்டுதோறும் வருமானமாகக் கணக்கிடப்படுகிறது. 2025 ஏப்ரல் முதல் ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால், மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால், வங்கியே வரியைப் பிடித்தம் செய்கிறது. அந்தப் பிடித்தம் வைப்பிலிருந்தே போனால், ரசீதில் அச்சிட்ட முதிர்வுத் தொகை முழுதாகச் சேராது.

முதலுக்குப் பொறுப்பு

1960 ஆகஸ்டில் கேரளத்தின் பாலா சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது நாடெங்கும் அதிர்ச்சியைக் கிளப்பியது. அதன் விளைவாக 1962 ஜனவரி 1இல் வைப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் ஒருவருக்கு ஒரு வங்கியில் 1,500 ரூபாய் வரை காப்பு. படிப்படியாக ஏறி 1993இல் ஒரு லட்சம் ஆனது. அதன்பின் 27 ஆண்டுகள் அது அசையவே இல்லை. விலைவாசி பன்மடங்கு ஏறிய காலத்தில் காப்பை மட்டும் உறைய வைத்தது வைப்பாளர்களுக்குச் செய்த பெரும் அநீதி. மும்பையின் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி 2019இல் முடங்கி, முதல் நாட்களில் 1,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாமல் மக்கள் வாசலில் நின்ற பிறகே, 2020 பிப்ரவரி 4இல் வரம்பு ஐந்து லட்சமானது. அதே ஆண்டு நவம்பரில் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி முடக்கத்துக்குள்ளானபோது, பத்தே நாட்களில் அது டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டு வைப்புகள் முழுமையாகக் காக்கப்பட்டன. எல்லா வங்கிக்கும் அப்படியொரு மீட்பர் கிடைப்பார் என்பதற்கு உறுதி இல்லை.

ஐந்து லட்சம் வரம்பு முதலையும் வட்டியையும் சேர்த்தது. ஒரே வங்கியின் எல்லாக் கிளைகளிலும் ஒருவர் பெயரில் உள்ள வைப்புகள் கூட்டியே கணக்கிடப்படும். 4,80,000 ரூபாயை 7 விழுக்காட்டில் போட்டவருக்கு ஆண்டு முடிவில் 5,14,492 ரூபாய் இருக்கும். அதில் 14,492 ரூபாய்க்குக் காப்பு இல்லை. நிதிகளிலும் வங்கிசாரா நிறுவனங்களிலும் போட்ட வைப்புக்கு இந்தக் காப்பீடு அறவே கிடையாது. வைப்புப் போடுபவர்கள் இவற்றைக் கேட்டறிந்த பிறகு வட்டி விகிதத்தைக் கேட்கட்டும்.