தோலின் கால் அடியும் தரவுத்தளத்தின் விதிகளும்

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் வணிகத்தில் ஃபினிஷ்டு தோலுக்குச் சதுர அடிக் கணக்கில்தான் விலை. அளவு மெஷினைத் தாண்டி வந்த தோலின் பின்பக்கத்தில் 14 என்று எழுதி, அதன் தலைமாட்டில் சிறியதாக 2 போட்டிருந்தால் பதினான்கரைச் சதுர அடி. சிறிய எண் கால் அடிகளின் எண்ணிக்கை. பழக்கமில்லாதவர் இதைக் கணினியில் 14.2 என்று தட்டினால் ஒரு தோலுக்கு 0.3 சதுர அடி காணாமல் போகும். அதே அளவில் ஆயிரம் தோல் உள்ள லாட்டில் 300 சதுர அடி. அந்தச் சிறிய எண் 0, 1, 2, 3 தவிர வேறாக இருக்கக் கூடாது. இந்த விதியைக் காக்க வேண்டியது நிரலா, தரவுத்தளமா?

பேரேட்டுக் காலத்தில் விதி கணக்குப்பிள்ளையின் தலைக்குள் இருந்தது. 1972-இல் சீதாராமையா குழு பரிந்துரைத்தபின், 1973 முதல் பச்சைத் தோல் ஏற்றுமதி நின்றது. அரைப்பதத் தோலுக்கும் வரம்பு வந்தது. வட்டாரம் ஃபினிஷிங்குக்கும் பிறகு ஷூ தயாரிப்புக்கும் நகர்ந்தது. ஒரே லாட் எண்ணைக் கொள்முதல், பதனிடல், கட்டிங், ஏற்றுமதி எனப் பல மேசைகள் தொட்டன. ஒருவர் தலை போதவில்லை.

கணினி உலகில் இதற்கு விடை முன்பே சொல்லப்பட்டிருந்தது. தொடர்புறு தரவு மாதிரியை 1970-இல் முன்வைத்த எட்கர் காட், 1985-இல் வெளியிட்ட 12 விதிகளில் பத்தாவதில், ஒருமைப்பாட்டு விதிகள் தரவுத்தளத்திலேயே வரையறுக்கப்பட வேண்டும், நிரல்களில் சிதறக் கூடாது என்றார். 1987-இல் சைபேஸும் 1992-இல் ஆரக்கிள் 7-உம் தரவுத்தளத்துக்குள்ளேயே ஓடும் நிரலான ஸ்டோர்டு புரொசீஜர், தரவு மாறும்போது தானே இயங்கும் ட்ரிகர் ஆகிய வசதிகளைத் தந்தன. ஆனால் சிறு நிறுவனங்களுக்கு எட்டிய டிபேஸ், ஃபாக்ஸ்ப்ரோ கோப்புகளுக்குக் காவல் கிடையாது. வேறொரு நிரலில் திறந்து எதையும் எழுதிவிடலாம். ஃபாக்ஸ்ப்ரோவுக்கு அந்தக் காவல் 1995-இல், விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ 3.0-உடன்தான் வந்தது.

பிறகு காற்று திசை மாறியது. 2004-இல் வெளிவந்த ரூபி ஆன் ரெயில்ஸ் போன்ற நிரலாக்கச் சட்டகங்கள் அறிவையெல்லாம் நிரலில் வைத்து, தரவுத்தளத்தை வெறும் கிடங்காக நடத்தின. காரணம் இல்லாமல் இல்லை: ஆரக்கிளுக்கு எழுதிய புரொசீஜர் மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரில் ஓடாது, ட்ரிகர் எங்கிருந்து இயங்குகிறது என்று தேடியே பலர் களைத்துப்போனார்கள். மைஎஸ்கியூஎல் கதை இன்னும் விசித்திரம். எந்த மதிப்புகளை ஏற்கலாம் என்று சொல்லும் 'செக்' விதியை எழுதினால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும், ஆனால் செயல்படுத்தாது. 2019-இல் வந்த 8.0.16 பதிப்பு வரை இதே நிலை. பூட்டிய கதவு என்று நம்பியவர்கள் கதவின் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரு கட்சியும் கவனிக்கத் தவறிய ஒன்றை ஜிஎஸ்டி காட்டியது. ஜோடி 900 ரூபாய் செருப்பை எடுத்துக்கொள்வோம். 2017 ஜூலையில் 18 சதவீதம். வரம்பு 500-இலிருந்து 1,000 ரூபாய்க்கு உயர்ந்த 2018 ஜூலை 27 முதல் 5. 2022 ஜனவரி 1 முதல் 12. வரம்பு 2,500 ஆன 2025 செப்டம்பர் 22 முதல் மறுபடி 5. ஏற்றுமதிக்குத்தான் வரி சுழியம். தோலைப் பதனிட்டுத் தரும் ஜாப் ஒர்க் பில் தப்பவில்லை. 2022 ஜூலை 18-இல் 5 சதவீதம் 12 ஆகி, 2025 செப்டம்பர் 22-இல் திரும்பவும் 5 ஆனது.

இந்த வீதத்தை நிரலில் எழுதினாலும் புரொசீஜரில் எழுதினாலும் தவறு ஒன்றே. அது தரவு, 'எந்தத் தேதியிலிருந்து' என்ற பத்தியோடு அட்டவணையில் ஒரு வரியாக இருக்க வேண்டியது. கால் அடி விதி அப்படியல்ல. அது மாறியதில்லை, எந்தத் திரையிலிருந்து எண் வந்தாலும் பொருந்தும். அதற்குத் தரவுத்தளத்தின் வாசலே சரியான இடம். விலை பேசுவது, பீஸ் ரேட் கணக்கிடுவது போன்று ஆளுக்கு ஆள் மாறும் வேலைகள் நிரலில் இருக்கட்டும். காட் சரி, ரெயில்ஸ்காரர்களும் பாதி சரி என்பதே என் கணிப்பு.

சோதித்துப் பார்க்க விரும்புவோர், 2023-இல் போட்ட ஜாப் ஒர்க் பில் ஒன்றை இன்று மறுபடி கணக்கிடச் சொல்லுங்கள். 12 சதவீதம் வர வேண்டும். 5 வந்தால், விதி தவறான இடத்தில் இருக்கிறது.